கணவாய்களைக் கடந்தவர்கள்

பாடசாலை வரலாற்று நூல்களில் நாம் அடிக்கடி காணும் ஓவியம் ஒன்றுண்டு. குதிரை முன்னங்கால்களை உயர்த்தி நிற்கிறது. மேலங்கி காற்றிற் பறக்கிறது. நெப்போலியன் பொனபார்ட் ஆல்ப்ஸ் மலையை நோக்கிக் கையை நீட்டுகிறான். பிரெஞ்சு ஓவியர் ஜாக் லூயி தாவீது 1801-ஆம் ஆண்டில் வரைந்தது இது. இதனைக் காணும் மாணவர் மனத்தில், ஆல்ப்ஸைக் கடந்தவன் ஒரு தனிமனிதன் என்ற எண்ணமே பதிந்துவிடுகிறது.

நடந்தது வேறு. 1800-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஏறத்தாழ 40,000 பேர் கொண்ட படை 2,469 மீற்றர் உயரமான பெரிய சென் பேர்னாட் கணவாயைக் கடந்தது. பீரங்கிகளைக் குடைந்த மரக்கட்டைகளுள் வைத்துக் கயிறு கட்டிப் பனியின் மேல் இழுத்தனர். இழுத்தவர்கள் படைவீரர்களும் சுற்றுக் கிராமங்களின் உழவர்களுமே. நெப்போலியன் குதிரையிற் பாயவில்லை; உள்ளூர் வழிகாட்டி ஒருவன் முன்னே நடக்க, கோவேறு கழுதையின் முதுகிலமர்ந்து சென்றான். அரை நூற்றாண்டு கழித்துப் போல் தெலரோஷ் என்ற ஓவியர் அவ்வாறே அவனை வரைந்தார். ஆனால் நம் நூல்களில் இடம்பெறுவது அவ்வோவியம் அன்று. கணவாயின் அடியிலுள்ள பூர் சென் பியர் என்னும் கிராமத்தவர், தம் மரங்களுக்கும் விலங்குகளுக்கும் உழைப்புக்கும் இழப்பீடு கேட்டனர். நெப்போலியன் வாக்களித்தான், கடன் முழுமையாகத் தீரவில்லை. 1984-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஜனாதிபதி பிரான்சுவா மித்தரான் அக்கிராமத்துக்கு நினைவுச் சின்னம் ஒன்றை வழங்கியதோடு, 184 ஆண்டுகாலக் கணக்கு அடையாள முறையில் முடித்து வைக்கப்பட்டது.

இன்று அதே கணவாய்களில் கோடைகாலந்தோறும் ஆயிரக்கணக்கானோர் இன்பத்துக்காக நடக்கின்றனர்; துவிச்சக்கர வண்டியில் ஏறுகின்றனர். உல்லாசப் பயண விளம்பரங்கள் பனியையும் பூக்களையும் வளைந்தோடும் பாதைகளையும் காட்டுகின்றன. தாவீதின் ஓவியத்தில் மறைக்கப்பட்டவர்கள் இவ்விளம்பரங்களிலும் மறைக்கப்படுகின்றனர். நாம் கூற முற்படுவது இதுவே: ஆல்ப்ஸ் கணவாயில் இன்று நடந்தோ மிதித்தோ செல்லும் எவரும் இரு சாராருக்குக் கடன்பட்டவர். பாதையை உண்டாக்கிய உழைப்பாளர் ஒரு சாரார். அப்பாதையிற் செல்ல ஓய்வு நாளைப் போராடிப் பெற்றுத் தந்த உழைப்பாளர் மறு சாரார். இயற்கையழகைத் துய்ப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாறு வர்க்க வரலாற்றிலிருந்து பிரிந்து நிற்பதன்று.

ஆல்ப்ஸ் என்றவுடன் சிகரங்களையே நாம் நினைக்கிறோம். ஆனால் அம்மலைநாட்டு ஜேர்மன் வழக்கில் ‘ஆல்ப்’ என்ற சொல் சிகரத்தைக் குறிப்பதன்று. கோடையில் மந்தைகள் மேயும் உயர்ந்த புல்வெளியைக் குறிப்பது. மலைமக்களுக்குச் சிகரத்தால் ஆவது ஒன்றுமில்லை. புல்வெளியும், ஒரு பள்ளத்தாக்கிலிருந்து மறு பள்ளத்தாக்குக்குச் செல்லும் கணவாயுமே அவர்தம் வாழ்வு. 1991-ஆம் ஆண்டு செப்டெம்பரில், ஆஸ்திரிய இத்தாலிய எல்லையருகே 3,210 மீற்றர் உயரத்திலுள்ள திசென்யோக் என்னும் கணவாய்ப் பகுதியில் மலைநடைக்குச் சென்ற இருவர், உருகும் பனியில் ஓர் உடலைக் கண்டனர். அண்மையில் இறந்தவன் என்றே முதலில் எண்ணினர். ஆய்ந்தபோது, 5,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டவன் எனத் தெரிந்தது. அவன் காலணிகளுள் குளிருக்காகப் புல் திணிக்கப்பட்டிருந்தது. அவனிடம் செப்புக் கோடரி இருந்தது. இடத்தோளில் அம்புமுனை தைத்திருந்தது. உடல் எந்நாட்டுக்குரியது என்ற வினா எழுந்தபோது நிலத்தை அளந்தார்கள். இத்தாலிய எல்லைக்குள் ஏறத்தாழ 93 மீற்றர் உள்ளே கிடந்தது. அவன் நடந்த காலத்தில் அங்கே எல்லையும் இல்லை, இத்தாலியும் இல்லை. ஆனால் கணவாய் இருந்தது. அதனைக் கடக்க வேண்டிய தேவையும் இருந்தது. இன்றுங்கூட அப்பகுதியில் ஆயிரக்கணக்கான செம்மறியாடுகளைத் தெற்கிலிருந்து வடக்கே மேய்ச்சலுக்கு ஆயர்கள் கோடைதோறும் ஓட்டிச் செல்கின்றனர்.

ஆயர்க்குப் பின் வணிகர் வந்தனர். இடைக்காலத்தில் ஆல்ப்ஸ் கணவாய்களின் வழியே வடக்கிலிருந்து பாற்கட்டியும் கால்நடையும் சென்றன. தெற்கிலிருந்து வைனும் அரிசியும் வந்தன. உப்பு எத்திசையும் சென்றது. உப்பு வண்டிகளோடு சுரங்கடந்த உமணரைச் சங்க நூல்களிற் பயின்றோர்க்கும், மலைநாட்டில் தவளம் என வழங்கிய பொதிமாட்டு வரிசைகளைப் பற்றிக் கேட்டறிந்தோர்க்கும் இக்காட்சியை மனத்தில் வரைந்துகொள்வது அரிதன்று. ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் பொதிகாரர் கூட்டுச் சங்கமாக இணைந்திருந்தனர். தம் எல்லைக்குள் பொதி சுமக்கும் உரிமை அவர்களுடையது. அதற்கீடாகப் பாதையைச் செப்பனிடுவதும் பனியை வழித்தெறிவதும் அவர்கள் கடமை. சுங்கம் பெற்றவர் பிரபுக்கள். பனிச்சரிவில் மாண்டவர் பொதிகாரர். பெரிய சென் பேர்னாட் கணவாயில் பதினோராம் நூற்றாண்டிலே துறவியர் அமைத்த வழிப்போக்கர் மடம் இன்றும் இயங்குகிறது. அங்கே மடம் ஒன்று தேவைப்பட்டது என்பதே, அவ்வழியிற் சென்று மீளாதோர் எத்துணைப் பலர் என்பதற்குச் சான்றாகும்.

இவ்வரலாற்றை ஒரே இடத்தில் நின்று பார்க்க விரும்புவோர் சுவிற்சர்லாந்தின் சென் கொத்தாட் கணவாயைப் பார்க்க வேண்டும். வடபுறத்திலிருந்து அதனை அடைய ஷோலெனன் என்ற செங்குத்தான மலையிடுக்கைத் தாண்ட வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே பாலம் அமைந்தது. அதன் பின்னரே கொத்தாட் பெருவழியாயிற்று. அதனைப் ‘பிசாசுப் பாலம்’ என்பர். மனிதரால் கட்ட முடியாத பாலத்தைப் பிசாசு கட்டிக் கொடுத்ததாம். முதலிற் கடக்கும் உயிர் தனக்கு வேண்டும் என்று கேட்டதாம். ஊரவர் ஓர் ஆட்டை முதலில் ஓட்டிவிட்டு அதனை ஏமாற்றினராம். ஊரவரின் மதிநுட்பத்தைப் போற்றும் இக்கதை நயமானதே. எனினும் இதில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பள்ளத்தின் மேல் கயிற்றில் தொங்கிக் கல்லைச் செதுக்கிய கைகளின் பெயர்கள் மறைந்துபோயின. பெயரற்ற உழைப்பு இருந்த இடத்திற் பிசாசு வந்து அமர்ந்துகொண்டது. நாட்டார் கதைகளில் வரும் அமானுடச் சக்திகள் பலவற்றின் பின்னே இத்தகைய மறக்கப்பட்ட உழைப்பு நிற்கக் கூடும் என்பது எம் கருத்து.

1830-ஆம் ஆண்டில் கொத்தாட்டின் மேலே குதிரை வண்டிப் பாதை திறக்கப்பட்டது. தென்புறச் சரிவில் திரெமோலா எனப்படும் பகுதியில், 24 கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டாற்போல ஏறுகின்றன. துவிச்சக்கர வண்டியிற் செல்வோர் இன்று உலகின் பல பகுதிகளிலிருந்தும் தேடிவரும் பாதை இது. ஆனால் பொதிகாரருக்கு அப்பாதை வாழ்வின் முடிவாகவே வந்தது. வண்டி வந்ததும் பொதி போயிற்று. அடுத்த அரை நூற்றாண்டில் வண்டிக்காரருக்கும் அதே கதி நேர்ந்தது. மலையின் வயிற்றைக் குடைந்து புகையிரதம் வந்தது.

கொத்தாட் சுரங்கப் பாதை 15 கிலோமீற்றர் நீளமானது; 1872 முதல் 1882 வரை அமைக்கப்பட்டது. ஒப்பந்தகாரர் ஜெனீவாவைச் சேர்ந்த லூயி பாவ்ர். குறித்த காலத்தில் முடிக்காவிடில் பெருந்தண்டம் செலுத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். அவ்வொப்பந்தத்தின் சுமை தொழிலாளர் தோளில் இறங்கியது. அவர்களிற் பெரும்பாலோர் வட இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். உள்ளே வெப்பம் 30 பாகையைத் தாண்டிற்று. டைனமைற்றின் புகை வெளியேற வழியில்லை. முழங்காலளவு நீரில் நின்று துளையிட்டனர். 1875-ஆம் ஆண்டு ஜூலை மாத இறுதியில், வடவாயிலான கோஷெனனில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். புகைநிறைந்த காற்றையும் குறைந்த கூலியையுமே அவர்கள் எதிர்த்தனர். ஊரி மாநிலத்திலிருந்து ஆயுதந்தாங்கியோர் அனுப்பப்பட்டனர். துப்பாக்கிச் சூட்டில் நான்கு தொழிலாளர் மாண்டனர்.

விபத்துகளில் இறந்தோர் தொகை 200-ஐ அண்மியது. நோயால் இறந்தோர் இக்கணக்கிற் சேரார். சோகை பிடித்து வெளிறி, வேலைசெய்ய இயலாது ஊர் திரும்பியோரைத் தூரின் நகரப் பேராசிரியர் எதுவார்தோ பெரோன்சித்தோ 1880-இல் ஆராய்ந்தார். கழிவறை வசதியற்ற சுரங்கத்தின் சேற்றிலிருந்து கொழுக்கிப் புழு அவர்கள் உடலிற் புகுந்து குருதியை உறிஞ்சியது என்பது வெளிப்பட்டது. நமது தோட்டப்புறங்களையும் நெடுங்காலம் வாட்டிய அதே கொழுக்கிப் புழுதான்! வெப்பநாடுகளின் சாபம் எனக் கருதப்பட்ட நோய், பனிமலையின் அடியில் தழைத்தது. நோய்க்குக் காரணம் தட்பவெப்பம் மட்டுமன்று, வாழ்நிலையுமாகும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறு வேண்டுமோ?

ஒப்பந்தகாரரான பாவ்ரும் 1879-இல் சுரங்கத்தினுள்ளேயே உயிர் நீத்தார். திறப்பு விழா நடந்த காலத்தில், சிற்பி வின்சென்சோ வேலா எவரும் கேளாமலே ஒரு சிற்பம் வடித்தார். தளர்ந்த தொழிலாளர் இறந்த தோழனைத் தூக்குபடுக்கையிற் சுமந்து வரும் காட்சி அது. ‘உழைப்பின் பலிகள்’ எனப் பெயரிட்டார். தென்வாயிலான ஐரோலோவில் அது வெண்கலத்தில் நிறுவப்பட்டதோ 1932-இல்; அரை நூற்றாண்டு கழித்தே!

இங்கே ஒரு முரண்பாட்டைக் காண்கிறோம். வணிகம் மலைக்குள் இறங்கியதும் மலைமேற் பாதைகள் வெறிச்சோடின. வெறிச்சோடிய பாதைகளே பின்னர் இன்பப் பாதைகளாயின. இத்தாலியின் ஸ்தெல்வியோ கணவாயும் இத்தகையதே. லொம்பார்தியைத் தன் பிடியில் வைத்திருக்க ஆஸ்திரியப் பேரரசு 1820-க்கும் 1825-க்கும் இடையில், கார்லோ தொனெகானி என்ற பொறியியலாளரைக் கொண்டு 2,757 மீற்றர் உயரத்தில் அமைத்த பாதை அது. ஒருபுறத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். முதலாம் உலகப் போரில் அதனருகே பனியிற் பதுங்கிப் படைகள் போரிட்டன. போருக்குப் பின் இருபுறமும் இத்தாலியாயிற்று. பாதையின் இராணுவ நோக்கம் மறைந்தது. 1953-இல் இத்தாலியச் சைக்கிளோட்டப் பெரும்போட்டி அவ்வழி சென்றபோது, பௌஸ்தோ கொப்பி அதில் முதல்வனாக ஏறினான். பேரரசு போயிற்று, துவிச்சக்கர வண்டி நிலைத்தது.

ஆயின் யாருடைய துவிச்சக்கர வண்டி? யாருடைய ஓய்வு? மலையை இன்பத்துக்குரிய இடமாக முதலில் உரிமை கொண்டாடியோர் வசதி படைத்த கனவான்களே. 1857-இல் இலண்டனில் ஆல்ப்ஸ் கழகம் தோன்றிற்று. அதன் முன்னோடிகளுள் ஒருவரான லெஸ்லி ஸ்டீவன் 1871-இல் வெளியிட்ட நூலின் பெயரே ஆல்ப்ஸை ஐரோப்பாவின் விளையாட்டிடம் எனச் சுட்டியது. அந்நூல் வெளிவந்த மறு ஆண்டு அதே மலையில் சுரங்கத் தொழிலாளர் துளையிடத் தொடங்கினர் என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு வர்க்கத்தின் விளையாட்டிடம் இன்னொரு வர்க்கத்தின் கொலைக்களமாயிருந்தது. அக்கழகத்தில் பெண்கள் உறுப்பினராகுதற்கு 1970-களின் நடுப்பகுதிவரை காத்திருக்க நேர்ந்தது.

இந்நிலையை மாற்ற முன்வந்தவருள் ஒருவர் ஆசிரியர் என்பது ஆசிரியராகிய எமக்குப் பெருமை தருவது. 1895-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், வியன்னா நகரச் சமதர்மக் கட்சியின் நாளேட்டில் கேயோர்க் ஷ்மீடல் என்ற ஆசிரியர் ஒரு சிறு விளம்பரம் செய்தார்: இயற்கையை நேசிப்போர் சேர்ந்து சுற்றுலாக் குழுவொன்று அமைக்கலாம் என்பதே செய்தி. இரும்புத் தொழிலாளியான அலோய்ஸ் ரோரவரும், பிற்காலத்தில் ஆஸ்திரியாவின் ஜனாதிபதியான கார்ல் ரென்னர் என்ற மாணவரும் அவரோடு இணைந்தனர். ‘இயற்கை நண்பர்கள்’ என்னும் தொழிலாளர் இயக்கம் இவ்வாறு பிறந்தது. மதுக்கடையிலும் இருண்ட குடியிருப்பிலும் கழிந்த ஞாயிற்றுக்கிழமையை மலைக்குக் கொண்டு செல்வதே அவர்தம் நோக்கம். கனவான் கழகத்தார் ‘மலை வாழ்க’ என்று வாழ்த்த, இவர்கள் ‘மலை விடுதலை’ என வாழ்த்தினர். அது வெறும் சொல்லன்று. பிரபுக்களும் பெருநிலவுடைமையாளரும் வேட்டைக்கென மலைகளை அடைத்து, நடப்போரைத் துரத்திய காலம் அது. 1907-இல் இவ்வியக்கத்தினர் தீரோல் மலையில், 2,000 மீற்றருக்கு மேல், தம் முதலாவது தங்குமனையைத் திறந்தனர். பின்னர் எழுந்த மனைகள் பலவும், உறுப்பினர் தம் ஓய்வு நாள்களில் தாமே கல்லும் மரமும் சுமந்து கட்டியவை.

ஜேர்மனியில் 1896-இல் ‘ஒருமைப்பாடு’ என்ற தொழிலாளர் துவிச்சக்கர வண்டிச் சங்கம் தோன்றியது. முதலாம் உலகப் போருக்கு முன்னரே ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதில் இருந்தனர். ஞாயிறுகளில் ஊர் ஊராகச் சென்று கட்சித் துண்டுப் பிரசுரங்களை வழங்கிய இவர்களை ‘வர்க்கப் போரின் செங்குதிரை வீரர்’ என அழைத்தனர்.

துவிச்சக்கர வண்டியின் நுட்பத்திலும் இதே வினா எழுந்தது. மலையேறுவதற்குக் கியர் இன்றியமையாதது. பிரான்சின் சென் எத்தியென் நகரில், வெலோசியோ என்ற புனைபெயரால் அறியப்பட்ட போல் தெ விவி, சாதாரண உடல்வலுவுள்ளவரும் மலையேற வேண்டும் என்பதற்காகக் கியர் முறைகளை ஆக்கியும் பரப்பியும் வந்தார். பிரெஞ்சுச் சைக்கிளோட்டப் பெரும்போட்டியை நடத்திய பத்திரிகை அதிபர் ஆன்றி தெகிரான்சோ, கியர் மாற்றும் கருவியை ஓட்டக்காரருக்கு 1937 வரை அனுமதிக்கவில்லை. துன்பம் மிகுந்தால் செய்தி சுவைக்கும். செய்தி சுவைத்தால் பத்திரிகை விற்கும். 1911-இல் கலிபியே கணவாயை அப்போட்டியிற் சேர்த்தவரும் அவரே. 1924-இல் அல்பேர் லோந்திரே என்ற பத்திரிகையாளர் ஓட்டக்காரரின் அவலத்தை எழுதியபோது ‘பாதையின் தண்டனைக் கைதிகள்’ என்ற தொடர் நிலைபெற்றது. பொழுதுபோக்காக நாம் காண்பது பிறர்க்குத் தொழிலாக, கடுந்தொழிலாக இருக்கலாம்.

சங்கமும் தங்குமனையும் வண்டியும் இருந்தும், விடுமுறை இல்லையேல் என்ன பயன்? ஆஸ்திரியத் தொழிலாளர், பேரரசு வீழ்ந்த பின்னர் 1919-இல் சம்பளத்துடன் கூடிய விடுமுறையைச் சட்டமாகப் பெற்றனர். பிரான்சில் அது 1936 வரை தாமதித்தது. அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் இலட்சக்கணக்கானோர் ஆலைகளைக் கைப்பற்றி வேலைநிறுத்தம் செய்தனர். மக்கள் முன்னணி அரசாங்கம் ஜூன் 20-இல் இரு வார விடுமுறைச் சட்டத்தையும், மறுநாள் 40 மணிநேர வேலைவாரச் சட்டத்தையும் இயற்றியது. லியோ லகிராஞ்சு என்ற இளம் துணையமைச்சர் 40 வீதக் கட்டணக் குறைப்புடன் புகையிரதச் சீட்டுக்கு வழிசெய்தார். அவ்வாண்டிலேயே ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதனைப் பயன்படுத்தினர். கணவனும் மனைவியும் ஒரே வண்டியை இருவராக மிதித்துக் கடலையும் மலையையும் முதன்முறையாகக் கண்ட கோடை அது.

மலையேறுவது முதலாளித்துவப் பொழுதுபோக்கு, முற்போக்காளருக்கு இதில் என்ன அக்கறை என வினவும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு பாசிசமே விடை கூறிற்று. 1933-இல் ஜேர்மனியில் நாஜிகள் ‘ஒருமைப்பாடு’ சங்கத்தையும் ‘இயற்கை நண்பர்’ இயக்கத்தையும் தடைசெய்தனர். 1934-இல் ஆஸ்திரிய அரசும் அவ்வியக்கத்தைத் தடைசெய்தது. தங்குமனைகள் பறிக்கப்பட்டன. ஜேர்மன் ஆஸ்திரிய ஆல்ப்ஸ் கழகமோ 1924-ஆம் ஆண்டிலேயே, யூதர் மிகுதியாயிருந்த தொனவ்லான்ட் கிளையை வெளியேற்றியிருந்தது. தொழிலாளி கூடி நடப்பது ஆபத்தற்றதாயின் அதனைத் தடைசெய்வானேன்?

மக்கள் முன்னணிக் கோடை கழிந்து ஏழாண்டுகளில், கணவாய் மீண்டும் அச்சத்தின் பாதையாயிற்று. 1943 செப்டெம்பரில் இத்தாலி சரணடைந்ததும், பிரான்சின் சென் மார்த்தான் வெசுபி என்னும் மலையூரில் தங்கியிருந்த யூதர் ஏறத்தாழ ஆயிரம் பேர், முதியோரையும் குழந்தைகளையும் உடன்கொண்டு 2,474 மீற்றர் உயரமான பெனெத்ர் கணவாய் வழியாகவும் அதனையடுத்த செரீஸ் கணவாய் வழியாகவும் இத்தாலிக்கு நடந்தனர். மறுபுறத்திலும் ஜேர்மன் படை வந்துவிட்டது. முந்நூறுக்கு மேற்பட்டோர் பிடிபட்டனர். அவர்களிற் பெரும்பாலோர் அவுஷ்விற்சுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோர் பலரை அப்பள்ளத்தாக்குகளின் உழவரும் பாதிரிமாரும் ஒளித்து வைத்துக் காத்தனர். இன்று செப்டெம்பர்தோறும் இருநாட்டு மக்களும் அக்கணவாய்க்கு ஏறிச் சந்திக்கின்றனர். மலைநடை அங்கே நினைவுகூரலாகிறது.

இக்கதை முடிந்துவிட்டதென எண்ணுவோர் மொன்ஜெனெவ்ர் கணவாயை நோக்குக. 1,854 மீற்றர் உயரமான அவ்வழியில் கோடையில் துவிச்சக்கர வண்டிகளும் பனிக்காலத்தில் சறுக்கு விளையாட்டுக்காரரும் தடையின்றிச் செல்கின்றனர். 2017 முதல், ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த அகதிகள் அதே சரிவுகளை இரவில், தகுந்த காலணிகூட இன்றிக் கடக்க முற்பட்டுள்ளனர். 2018 மே மாதத்தில் நைஜீரிய இளம்பெண் ஒருத்தியின் உடல் துராஞ்சு ஆற்றில் மீட்கப்பட்டது. பிரியான்சோன் ஊரவர் பலர் பனியில் இறங்கித் தேடி, உணவும் உறையுளும் அளித்தனர். சிலர் அதற்காக வழக்கையும் எதிர்கொண்டனர். அவ்வாண்டு ஜூலை 6-ஆம் நாள் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம், சகோதரத்துவம் அரசியலமைப்புக் கோட்பாடே என்றும், நாட்டினுள் உள்ள ஒருவருக்கு அவர் வந்த வழி பாராது மனிதாபிமானத்தால் உதவலாம் என்றும் தீர்ப்பளித்தது. எல்லை கடக்க உதவுதல் குற்றமாகவே விடப்பட்டது.

நாடு விட்டு நாடு செல்லும் இரவுப் பாதைகளை அறிந்த தலைமுறைகளைச் சேர்ந்தவர்கள் நாம். ஆல்ப்ஸின் இக்கதை நமக்கு அந்நியமானதன்று. புற்காலணியோடு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கணவாய் கடந்தவனிடம் எவரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. அவன் பின்வந்தோரே பாதையை அமைத்தனர், சுரங்கத்தைக் குடைந்தனர், விடுமுறையை வென்றனர். ஆயின் ஒரே பாதையில் ஒருவர் இன்பத்துக்காகவும் மற்றொருவர் உயிருக்காகவும் நடக்கும் உலகில், அவ்வாசிரியரின் நண்பர்கள் வாழ்த்திய ‘மலை விடுதலை’ இன்னும் முற்றுப்பெறவில்லை. வகுப்பறையில் அடுத்த முறை நெப்போலியன் குதிரையேறி நிற்கும் ஓவியத்தைக் காட்டும்போது, பீரங்கியை இழுத்த கைகள் எங்கே என மாணவரைக் கேட்போமாக. அவ்வினாவிலிருந்தே நேரிய வரலாறு தொடங்குகிறது.